மாத்திரைக்குப் பின்னால் மறைந்து நின்ற மனிதர்



நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட சில ஆண்டுகளில், கடற்கரையை ஒட்டிய ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஞாயிறு திருப்பலிக்கு ஒரு வயதான தாய் தவறாமல் வருவார். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே வருவார். எல்லோரும் எழுவதற்கு முன்பே வெளியே போய்விடுவார். நற்கருணை வாங்க முன்னால் வரமாட்டார். பல வாரங்களுக்குப் பிறகே காரணம் புரிந்தது. அவருடைய வலது கால் யானைக்கால். சேலையின் கரையைத் தரையில் இழுத்துவிட்டு அதை மறைத்துக்கொண்டே அவர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.

கடலூர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அதேபோல், வீடு வீடாக மாத்திரை கொடுக்க வந்த அந்த நாட்களும் நினைவிருக்கும். சுகாதாரப் பணியாளர் கையில் நோட்டும் பையுமாக வருவார். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது என்று எழுதிக்கொண்டு மாத்திரைகளை எண்ணித் தருவார். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கருவுற்ற தாய்மார்கள், கடும் நோயாளிகள் தவிர மற்ற எல்லோரும் விழுங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை.

அந்த மாத்திரையைப் பற்றித் திருப்பலி முடிவில் அறிவிப்புக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டார்கள். நானும் நன்றாகப் பேசினேன். மறுநாள் ஒரு மீனவச் சகோதரர் வந்து, தனக்கு நோயே இல்லை, பிறகு எதற்காகத் தான் மருந்து சாப்பிட வேண்டும் என்று கேட்டார். என்னிடம் தெளிவான பதில் இல்லை. அன்று மாலை பங்கு இல்லத்துக்கு வந்த சுகாதாரப் பணியாளர் அம்மா, சாமி மாத்திரை போட்டுவிட்டீர்களா என்று கேட்டார். என் மாத்திரைகள் மேசை இழுப்பறையில் அப்படியே கிடந்தன! அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்தில்தான் நான் இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடியபோது ஒரு மனிதரைச் சந்தித்தேன். அவர் நம் சென்னையில் படித்தவர். நம் மாகாணத்தில் பிறந்தவர். அவருடைய பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ். இன்று அவரைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தாலியை விற்ற தாய்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜெகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டுச் சீக்கிரமே ஓய்வு பெற்றுவிட்டார். தாய் வெங்கம்மா. வீட்டில் ஏழு பிள்ளைகள். வறுமை எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பு ஏறவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடினான். பாதி வழியிலேயே பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மெட்ரிகுலேசன் தேர்வில் இரண்டு முறை தோற்றான். தந்தையும் இறந்துபோனார். அந்த நிலையிலும் தாய் தளரவில்லை. தம் நகைகளை, தாலியைக்கூட விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேர்வு எழுதி வெற்றி பெற்றார் சுப்பாராவ். பின் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரி நாட்களில் அவருக்குத் துறவறத்தில் ஆசை பிறந்தது. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட வேண்டும் என்று விரும்பினார். தாயின் சம்மதம் வேண்டும் என்று மடத்தில் சொன்னார்கள். தாய் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் மக்களுக்குத் தொண்டும் செய்யலாம், குடும்பத்தையும் காப்பாற்றலாம் என்று பெரியவர்கள் வழி சொன்னார்கள். 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். குருமடத்தில் சேர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இடம் சற்று நின்று சிந்திக்க வைக்கும். காவி உடை கிடைக்காத ஒருவர், பிறகு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாழ்ந்த வாழ்க்கை ஒரு துறவியின் வாழ்க்கையாகவே இருந்தது.

கதரால் கைநழுவிய பட்டம்

மருத்துவக் கல்லூரிப் படிப்புக்கு நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பவரும் உதவினார். 1919-இல் அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். சுப்பாராவ் கதர் உடுத்தத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் அணியும் மேலங்கியைக்கூடக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளை நன்றாக எழுதியும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அதனால் அரசு மருத்துவப் பணியில் சேரும் வாசல் அடைபட்டது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அன்று பலரை வாட்டியது. உண்ட உணவின் சத்தை உடல் ஏற்காது, ஓயாத வயிற்றுப்போக்கு, வாயில் புண், இரத்தம் குன்றி மனிதன் உருகிப்போவான். அந்த நோயால் சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். மருத்துவம் படித்த சகோதரன் செய்வதறியாது நின்றார். பின்பு அதே நோய் அவரையும் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகவும் சேர்ந்தார். லட்சுமிபதியின் துணைவியார் ருக்மிணி லட்சுமிபதிதான் பின்னாளில், 1946-இல், சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதார அமைச்சரானவர்.

தம்மைப் பிழைக்க வைத்த மருந்து எப்படி வேலை செய்தது? தம் சகோதரர்களை ஏன் காப்பாற்ற முடியவில்லை? இந்தக் கேள்விகள் அவரை விடவில்லை. காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் தந்த பண உதவியோடு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பல் ஏறினார்.

கழிகலம் கழுவிய மருத்துவர்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயப் படிப்பு. ஆனால் செலவுக்குப் பணமில்லை. அங்கே மருத்துவராகத் தொழில் செய்யும் உரிமையும் இல்லை. எனவே மருத்துவமனை ஒன்றில் இரவுக் காவலாளோடு காவலாளாக, நோயாளிகளின் கழிகலங்களைக் கழுவும் வேலையைச் செய்தார். பகலில் ஆய்வுக்கூடம், இரவில் கழிகலம். இதில் அவர் குறை கண்டதாகத் தெரியவில்லை.

பட்டயம் முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1925-இல் வெளியான அந்த முறைக்கு ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே பெயர். உயிர்வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அளக்கத் தெரிந்ததும் புதிய கதவு திறந்தது. நாம் கையைத் தூக்கும்போது தசைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அதுவரை லாக்டிக் அமிலத்தை வைத்தே அறிஞர்கள் விளக்கம் சொல்லி வந்தார்கள். அந்த ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1927-இல் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929-இல் ஏ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் செருமனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டார். உயிருள்ள எல்லாச் செல்களும் தமது வேலைக்குச் செலவழிக்கும் சில்லறைக் காசு போன்றது இந்த ஏ.டி.பி. உண்ட உணவின் ஆற்றல் முதலில் இந்தக் காசாக மாறுகிறது, பிறகு செலவாகிறது. நாம் மூச்சு விடுவதும், இதயம் துடிப்பதும், நாற்று நடுவதும், செபமாலை உருட்டுவதும் இந்தக் காசைக் கொண்டுதான்.

1930-இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் இடம் கிடைத்ததா? கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கீழ்நிலை ஆசிரியராகவே காலம் தள்ளினார். அவருடைய சில கண்டுபிடிப்புகள் அந்நாளில் வெளியாகவே இல்லை; பிற்காலத்தில் மற்றவர்கள் அவற்றை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் இதற்காகச் சண்டை போடவும் இல்லை, கூடத்தை விட்டு விலகவும் இல்லை. கல்லீரல் சாற்றில் இரத்தத்தை ஊறச் செய்யும் ஒரு பொருள் இருக்கிறது, அது என்ன என்ற தேடலில் மூழ்கினார். சகோதரர்களின் வெளுத்த முகங்கள் அவர் கண்முன் இருந்திருக்கும்.

கீரையில் இருந்த செல்வம்

1940-இல் அவர் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அடுத்த எட்டே ஆண்டுகளில் அங்கே நடந்தவற்றை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

முதலாவது ஃபோலிக் அமிலம். இதன் கதை நம் இந்தியாவில் தொடங்குகிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் மும்பைக்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கருவுற்ற பெண்கள் கடும் இரத்தசோகையால் இறப்பதைக் கண்டார். ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான உணவைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதில் இருந்த பொருள் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941-இல் அமெரிக்காவில் ஒரு குழு சுமார் நான்கு டன் கீரையை அரைத்து அந்தப் பொருளில் சிறிதளவைப் பிரித்தெடுத்தது. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் டன் கணக்கில் கீரை அரைத்து எத்தனை ஏழைப் பெண்களுக்கு மருந்து கொடுக்க முடியும்? சுப்பாராவின் குழு 1945-இல் அதை ஆய்வகத்திலேயே செயற்கையாக உருவாக்கியது. அதனால் அது மலிவான மாத்திரையானது.

அந்த மருந்தை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் தேறினார்கள்! தம் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அண்ணன் தம்பி பாசம் ஒரு மருந்தாக வந்தது.

நம் நாட்டில் 1970-இல் இரத்தசோகைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது முதல் கருவுற்ற தாய்மார்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து ஃபோலிக் அமிலம் கொடுக்கிறார்கள். கருவின் முதல் வாரங்களில் இந்தச் சத்து இருந்தால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படும் என்பதும் 1991-இல் உறுதியானது. நம் கம்மாபுரத்தில் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய்வரும் எந்தத் தாயின் கைப்பையிலும் அந்த மாத்திரை அட்டை இருக்கும்.

பொய்ச் சாவி

இரண்டாவது, புற்றுநோய் மருந்து. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் கண்ட சிறு பிள்ளைகளோடு போராடிக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமிலம் போன்ற பொருள்களைக் கொடுத்தபோது நோய் குறையாமல் வேகமாகப் பரவுவதைக் கண்டார். அப்படியானால் இந்தச் சத்தைத் தடுத்தால் நோயும் அடங்குமா?

அதற்குச் சுப்பாராவின் குழு ஒரு பொய்ச் சாவியைச் செய்து கொடுத்தது. பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாது. உண்மைச் சாவிக்கும் வழிவிடாது. வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்கள் சத்துக் கிடைக்காமல் வாடும். அந்த மருந்தின் பெயர் அமினோப்டெரின். ஃபார்பர் 1948 சூன் மாதம் வெளியிட்ட அறிக்கையில் 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாகக் காட்டினார். அந்தத் தணிவு சில வாரங்களோ மாதங்களோதான் நீடித்தது. பிள்ளைகளின் பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல், எவ்வளவு பெரிய வேதனை! ஆயினும் மருந்தால் இரத்தப் புற்றுநோயை எதிர்க்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகை இரத்தப் புற்றுநோயில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் அமினோப்டெரினின் தங்கையான மெத்தோட்ரெக்சேட் இன்னும் இடம்பெறுகிறது. அதுவும் சுப்பாராவின் கூடத்தில் பிறந்ததே.

மூட்டுவாத நோயாளிகள் சிலர் நம் பங்கிலும் வாரம் ஒரு முறை மட்டும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார்கள். மற்ற நாளில் ஃபோலிக் அமிலம் சாப்பிடுகிறார்கள். முதலாவது மெத்தோட்ரெக்சேட். ஒரே மருந்துச் சீட்டில், ஒரே மனிதருடைய இரண்டு உழைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன! (வாரம் ஒரு முறை என்று மருத்துவர் எழுதியதைத் தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் முதியவர்கள் இருந்தால் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.)

மண்ணிலிருந்து வந்த தங்கம்

மூன்றாவது, நுண்ணுயிர்க் கொல்லி. பென்சிலினுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பல இருந்தன. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளில் அவற்றை அடக்கும் ஒன்று இருக்கக்கூடும் என்று லெடர்லி ஆய்வகம் பல இடங்களிலிருந்து மண் தருவித்துச் சோதித்தது. இந்தப் பணிக்குச் சுப்பாராவ் துணை கொண்டது ஓய்வு பெற்ற ஒரு தாவரவியல் பேராசிரியரை. பெஞ்சமின் டக்கர் என்ற அவருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பணிக்கு வயதில்லை என்று நினைத்தார் சுப்பாராவ். மிசூரிப் பல்கலைக்கழக வயல் ஒன்றின் மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து வந்ததே ஆரியோமைசின். 1948-இல் அது அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் முதல் மருந்து அதுதான்.

1994-இல் சூரத் நகரில் பிளேக் பயம் பரவியபோது மக்கள் தேடி ஓடியது டெட்ராசைக்கிளினைத்தான். மழைக்காலத்துக்குப் பிறகு நம் கிராமங்களில் வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் டாக்சிசைக்கிளினும் அந்தக் குடும்பத்து மருந்தே.

நான்காவதுதான் நான் இழுப்பறையில் போட்டுவைத்த மாத்திரை. யானைக்கால் நோயை உண்டாக்குவது நூல் போன்ற ஒரு புழு. சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, நோயுள்ளவரைக் கடித்துப் புழுவின் குஞ்சுகளை எடுத்து, அடுத்தவரைக் கடிக்கும்போது கொடுக்கிறது. அந்தக் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் வெளியே வரும். அதனால்தான் அக்காலத்தில் சுகாதாரத் துறையினர் இரவு நேரத்தில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். லெடர்லி ஆய்வகம் 1947-இல் டி.இ.சி. என்று அழைக்கப்படும் டை எத்தில் கார்பமசின் என்ற மருந்தை வெளிக்கொண்டுவந்தது. அது இரத்தத்தில் திரியும் குஞ்சுகளைக் கொல்கிறது. வீங்கிப்போன காலை அது பழையபடி ஆக்காது. ஆனால் நோய் அடுத்தவருக்குப் போகும் வழியை அடைக்கும்.

நான் பதில் சொல்ல முடியாமல் நின்ற மீனவச் சகோதரரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. வெளியே அறிகுறி இல்லாதவர் இரத்தத்திலும் குஞ்சுகள் இருக்கலாம். அவருக்கே அது தெரியாது. எனவே நோயுள்ளவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் போதாது. ஊரே சாப்பிட வேண்டும். காரைக்காலில் 1980-களில் புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையத்தினர் சமையல் உப்பிலேயே இந்த மருந்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாத்திரை என்ற திட்டம் வந்தது. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகத் திட்டமாக்கியது. இலங்கை இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டது என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள். எனக்கு நோய் இல்லை, ஆயினும் என் அயலானுக்காக நான் மருந்து சாப்பிடுகிறேன். ஒரு நாள் தலைசுற்றலும் காய்ச்சலும் வந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். பிறரன்பைப் பற்றி நான் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். அதை ஒரு மாத்திரை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அவர் கொடுத்த விலை

சுப்பாராவின் வாழ்வில் என்னைத் துன்புறுத்தும் ஒரு பகுதியும் உண்டு. அதை மறைத்து அவரைப் புனிதராக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. கப்பலேறிய நாளுக்குப் பிறகு அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த குழந்தை, தந்தையின் முகத்தைப் பாராமலேயே சிறு வயதில் இறந்தது. மனைவி சேஷகிரி கணவரை மறுபடியும் பார்க்கவில்லை. இளவயதில் பிரிந்தவர், கணவரின் மரணச் செய்தி வரும்வரை காத்திருந்தார்.

உலகத்துக்கு அவ்வளவு கொடுத்தவர், வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாரா? இந்தக் கேள்விக்கு எளிதான பதில் கிடையாது. ஆனால் ஒன்று சொல்லலாம். சுப்பாராவின் பெயரை நாம் நினைக்கும்போதெல்லாம் சேஷகிரி அம்மாளின் பெயரையும், தாலியை விற்ற வெங்கம்மாளின் பெயரையும் சேர்த்து நினைக்க வேண்டும். அந்த மருந்துகளின் விலையில் ஒரு பங்கை அந்தப் பெண்கள் கட்டினார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புரியும்.

அமெரிக்காவில் இந்தியர் குடியுரிமை பெறும் சட்டம் 1946-இல் வந்த பிறகும் அவர் குடிமகனாக ஆகாமல் இந்தியராகவே இறந்தார். 1948 ஆகஸ்டு மாதத்தில், பெர்ல் ரிவரில், இரவு தூக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் பிரிந்தது. வயது 53. ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஃபார்பரின் அறிக்கை வெளியாகி இரண்டு மாதங்கள்.

நோபல் பரிசு அவருக்கு வரவில்லை. தம் கூடத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளை அறிவிக்கும்போது உடன் உழைத்தவர்களை முன்னால் நிறுத்திவிட்டுத் தாம் பின்னால் நின்றவர் அவர். 1953-இல் புதிதாகக் கண்டறிந்த ஒரு பூஞ்சை இனத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார்கள். அவர் பிறந்து நூறு ஆண்டுகள் ஆன 1995-இல் இந்திய அரசு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அவ்வளவுதான்.

பீங்கானும் மாத்திரையும்

நம் பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு எடுக்கும் தொழிலாளிகள் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் செய்த பீங்கான் பியூஸ் கட்டை எங்கோ ஒரு வீட்டு மின்பெட்டியில் இருக்கிறது. விளக்கு எரிகிறது. வீடு தீப்பிடிக்காமல் இருக்கிறது. அதைச் செய்தவர் யாரென்று அந்த வீட்டாருக்குத் தெரியாது. செய்தவருக்கும் அந்த வீடு தெரியாது. சுப்பாராவின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிலாளிகளின் மண் படிந்த கைகள்தான் நினைவுக்கு வரும்.

அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் கடவுள் தம் இரக்கத்தைப் பகிர்ந்தளிக்க யாரையெல்லாம் கருவியாகக் கொள்கிறார் என்று நாம் எல்லை போட முடியாது. தேர்வில் தோற்ற பிள்ளை, பட்டம் மறுக்கப்பட்ட மாணவர், கழிகலம் கழுவிய மருத்துவர், வேலையில் உயர்வு மறுக்கப்பட்ட ஆசிரியர் - இந்த ஒரே மனிதரை இறைவன் பயன்படுத்தினார். பத்தாம் வகுப்பில் தவறிவிட்ட பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு வருந்தும் பெற்றோரே, வெங்கம்மாளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாயை நான் பிறகு வீட்டுக்குச் சென்று பார்த்தேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை கொண்டுபோய்க் கொடுத்தேன். காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியர் சகோதரி அவருக்குக் கற்றுக்கொடுத்தார். வீக்கம் முழுவதும் போகவில்லை. ஆனால் அடிக்கடி வந்த காய்ச்சல் குறைந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் முதல் முறையாக வரிசையில் நின்று பீடத்துக்கு வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகள் மூவரும் பின்னால் நடந்து வந்தார்கள். அவர்களுடைய கால்களைத்தான் நான் பார்த்தேன். மெலிந்த, நல்ல கால்கள்.

அந்த ஆண்டு மாத்திரை வந்தபோது, சுகாதாரப் பணியாளர் அம்மாவின் முன்னாலேயே நான் என் மாத்திரைகளை விழுங்கினேன்.

அன்புக்குரியவர்களே, அடுத்த முறை உங்கள் வாசலில் மாத்திரைப் பையோடு ஒருவர் வந்து நின்றால் அவரை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். அந்தத் தண்ணீரிலேயே நீங்களும் மாத்திரையை விழுங்குங்கள்.